பதிமூன்றா, பதினான்கா

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேசிவிட்டு, காரைக்குடி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பள்ளி ஆசிரியை ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார். நூல் புடவை, தலையில் முக்காடு, கையில் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள். விழாவில் எனக்குச் சந்தனம் நீட்டியவர் அவர்தான்.

"நீங்க கார் டயரப் பத்திக் கதை எழுதுவீகளா?" என்றார்.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"டயரோட அளவப் பத்தி."

பஸ் வந்தது. அவர் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தார், நான் அதற்குப் பின்னால். காரைக்குடி வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் இரண்டு முறை நடத்துநர் வந்தபோது மட்டும் பேச்சை நிறுத்தினார். இறங்கும்போது கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் பெயர் ஜாஹிதா. பெயரை மாற்றிவிடுகிறேன் என்றதற்கு, "எங்க வீட்டுப் பேர மாத்தாதீக" என்றார். ஆகையால் மாற்றவில்லை. செட்டியாரின் பெயரை மட்டும் ஏகப்பன் என்று மாற்றியிருக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"எழுபத்திரண்டாம் வருஷம் காரைக்குடிச் சுற்று வட்டாரத்திலேயே வேகமான வண்டி எது என்று கேட்டால், கோட்டையூர் ஏகப்பனின் ஃபியட் என்று பால்காரர்கூடச் சொல்லிவிடுவார். அதன் உறுமல் கேட்டதும் கோழிகள்—"

கோழிகளோடு நிறுத்திவிட்டேன். வேடிக்கைக் கதையின் குரல் இது. இந்தக் குரலில் நுழைந்தால் நடுவில் வெளியே வர வழி இருக்காது.

இரண்டாவது தொடக்கம்: "சுலைகா இறந்தபோது அவள் தலை ஜாஹிதாவின் கையில் இருந்தது."

உண்மைதான். ஆனாலும் வாசலிலேயே சாவைக் கிடத்தி வாசகரை உள்ளே கூப்பிடுவதுபோல இருந்தது. அடித்தேன். (அடித்தும் என்ன, நீங்கள் படித்துவிட்டீர்கள். சாவு ஒன்று வருகிறது என்று தெரிந்தே மேலே படியுங்கள்.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். காரைக்குடியில் சாதிக் அலி என்பவருக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. பட்டறைக்குப் பின்னால் ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் வீடு. வீட்டில் அவர் மனைவி சுலைகா, சுலைகாவின் தாய் பாத்திமுத்து, சாதிக் அலியின் தங்கை ஜாஹிதா. ஜாஹிதா அப்போதுதான் ஆசிரியப் பயிற்சி முடித்து, வேலை வரும் என்று காத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். பட்டறையில் பேசுவது எல்லாம் அவள் காதில் விழும். அந்த வருஷம் பட்டறையில் பேசப்பட்டது ஒரே விஷயம்: பதிமூன்றா, பதினான்கா.

3

ஏகப்பனுக்குச் சோழவரம் கார் பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. தகப்பனார் மலேயாவில், தாயார் கோவில் குளம் என்று ஊரில், மனைவி கண்ணம்மை வீட்டில். இவருக்கு வண்டிதான் எல்லாம். வண்டி தாழ்ந்து நின்றால் வளைவில் சாயாது என்று எங்கோ படித்துவிட்டு வந்து, சாதிக் அலியிடம் சொன்னார். சாதிக் அலி முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கை வெட்டிக் குறைத்தார். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை உருவிவிட்டு, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்புக் கட்டையும் கொடுத்தார். வண்டி பூனை பதுங்குவதுபோல உட்கார்ந்தது.

அடுத்தது சக்கரம். ஃபியட்டின் சொந்தச் சக்கரம் பதினான்கு அங்குலம், டயர் ஒல்லி. பந்தயத்துக்கு அகல டயர் வேண்டும். பினாங்கிலிருந்து கண்ணம்மையின் தம்பி கப்பலில் வர இருந்தார். வாங்கிவரச் சொல்லலாம். ஆனால் என்ன அளவு சொல்வது?

பதிமூன்று அங்குலச் சக்கரத்தில் அகல டயரைப் போட்டால் மொத்த உயரம் பழைய டயர் அளவுக்கே வரும். மட்கார்டுக்குள் தாராளமாகச் சுற்றும். ஆனால் வேறு வண்டியின் சக்கரத்தை எடுத்து, போல்ட் துளைகளை அடைத்துப் புதிதாகத் துளைக்க வேண்டும். பிரேக் டிரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நகக்கண் அளவுகூட இடைவெளி இருக்காது. பதினான்கிலேயே அகல டயர் போட்டால் துளை வேலை இல்லை. இருக்கிற சக்கரத்தைச் சுற்றிலும் அறுத்து, நடுவில் இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்து அகலமாக்கினால் போதும். ஆனால் டயர் உயரம் கூடிவிடும். உள்பக்கம் ஸ்பிரிங் இடிக்கும் என்பதால் அகலம் முழுவதும் வெளிப்பக்கம்தான் வர வேண்டும். வெளிப்பக்கத்தில் மட்கார்டின் மடிந்த விளிம்பு இருக்கிறது. தகரம்தான், ஆனாலும் விளிம்பு விளிம்புதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி புடைத்துக்கொண்டே ஜாஹிதா இதையெல்லாம் கேட்டாள். சுலைகாவும் கேட்பாள். ஆறாம் மாதம். "ஒங்க அண்ணனுக்குப் புள்ளைக்குப் பேரு வைக்க நேரமில்ல, டயருக்கு நெம்பர் பாத்துக்கிட்டு இருக்காரு" என்பாள். பாத்திமுத்து அதைக் கேட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரிப்பார். அவருக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. சிரிப்பும் சத்தம், அழுகையும் சத்தம், கோழியைக் கூப்பிடுவதும் சத்தம்.

கடைசியில் ஒரு நாள் ஏகப்பன் கேட்டார். "பாய், முடிவாச் சொல்லுங்க. தந்தி குடுக்கணும்."

"பதினாலுதான் செட்டியாரே," என்றார் சாதிக் அலி. "பதிமூணு போட்டா மட்கார்டுக்குள்ள சக்கரம் தொலைஞ்சு போன மாதிரி இருக்கும். பதினாலு போட்டா நெறஞ்சு நிக்கும். பாக்கிறவன் மிரளணும்ல?"

"எனக்கும் அதுதான் மனசுல ஓடுது."

தந்தி போயிற்று.

4

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் முதல் பிரதியில் சாதிக் அலி வேறு ஆளாக இருந்தார். "செட்டியாரே, பதிமூணு போடுங்க, பதினாலு ஆபத்து" என்று அவர் எச்சரிப்பதாகவும், பணக்காரர் கேட்காததாகவும் எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் கதை தானாக ஓடுகிறது. பழி விழ வேண்டிய இடத்தில் விழுகிறது. நமக்கும் நிம்மதி.

ஜாஹிதாவிடம் மறுபடி போய் அதை வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே தலையை ஆட்டினார்.

"இல்ல. அண்ணன் அப்படிச் சொல்லல. அண்ணனுக்குத்தான் அவுகளவிட ஆச ஜாஸ்தி."

எனவே அந்தச் சாதிக் அலியை எடுத்துவிட்டேன். இருப்பது இவர்தான்: கைவேலை தெரிந்தவர், நல்லவர், மனைவி மேல் பிரியம் உள்ளவர். நிறைந்து நிற்கும் சக்கரத்தைப் பார்த்துப் பூரித்துப் போனவர்.

எச்சரிக்கை வேறு இடத்திலிருந்து வந்தது. புது டயர் போட்ட வாரம் ஏகப்பன் தாயாரையும் கண்ணம்மையையும் பின்னால் உட்காரவைத்துப் பிள்ளையார்பட்டிக்கு ஓட்டிப்போனார். திரும்பி வந்து பட்டறை வாசலில் நிறுத்தியதும் கண்ணம்மை இறங்காமலே சொன்னார்: "பள்ளத்துல எறங்குறப்ப எல்லாம் பின்னால என்னமோ சொரண்டுது. சட்டியச் சொரண்டுற மாதிரி. என்னன்னு பாருங்க."

பார்த்தார்கள். இடது டயரின் வெளி ஓரத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. விளிம்பைச் சுத்தியலால் மடக்கிவிடலாம், பெயிண்ட் விட்டுப்போகும். இரும்புக் கட்டையை எடுக்கலாம், வண்டி உயர்ந்துவிடும். பந்தயம் அடுத்த மாதம்.

"பந்தயத்துல நீங்க ஒத்த ஆளு," என்றார் சாதிக் அலி. "பின்னால யாரு உக்காரப் போறா? முடிஞ்சதும் மடக்கிக்கலாம்."

ஜாஹிதா டீ கொண்டுவந்து வைத்தபோது இது பேசப்பட்டது. அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

5

தை மாதம், மத்தியான நேரம். சுலைகாவுக்கு நாள் இன்னும் இருந்தது. ஆனால் உதிரப்போக்கு ஆரம்பித்துவிட்டது. வந்து பார்த்த டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, "மதுரைக்குக் கொண்டுபோங்க. இப்பவே" என்றார். சாதிக் அலி டாக்சிக்கு ஓடப் போனார். வண்டியைக் காட்ட வந்திருந்த ஏகப்பன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எதுக்கு பாய் டாக்சி? நம்ம வண்டியவிட எது சீக்கிரம் போகும்? ஏத்துங்க."

அந்த நேரத்தில் யாருக்கும் டயர் நினைவில் இல்லை. இதை நான் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

பின்னிருக்கையில் சுலைகா படுத்திருந்தாள், தலை தாயின் மடியில். ஜாஹிதா கீழே குறுகி உட்கார்ந்து கால்களைப் பிடித்துக்கொண்டாள். சாதிக் அலி முன்னால். பாத்திமுத்து அழுதார். அவர் அழுதால் எப்படி இருக்கும் என்று சொன்னேன் அல்லவா. "யா ரப்பே, ஏம் புள்ளயக் காப்பாத்து" என்று ஊரைக் கூட்டுகிற அழுகை.

குன்றக்குடி தாண்டியதும் சத்தம் ஆரம்பித்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு உறுமல். முதலில் விட்டு விட்டு, பிறகு விடாமல். கருகிய ரப்பர் வாசம் வண்டிக்குள் வந்தது. முன்னால் இருந்த இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். ஏகப்பன் வேகத்தைக் குறைத்தார்.

"மெதுவாப் போகாதீக," என்றார் சாதிக் அலி.

அடுத்த பாலத்தில் வண்டி குதித்து இறங்கியது. அவரே, "மெதுவா, மெதுவா" என்று கத்தினார்.

திருப்பத்தூர் பஸ் நிற்கும் இடத்துக்கு அருகில் ஏகப்பன் நிறுத்தினார். இறங்கிப் பின்னால் போய்க் குனிந்து தடவிப் பார்த்தார். சாதிக் அலியும் இறங்கினார். ஜாஹிதா பக்கத்துக் கண்ணாடி இறக்கியிருந்தது.

"ரெண்டு பக்கமும் தின்னுருச்சு பாய்," என்றார் ஏகப்பன் தணிந்த குரலில். "நூலு தெரியுது. ஸ்டெப்னி ஒண்ணுதான் இருக்கு. பின்னால எட கொறஞ்சா ஒருவேள தாங்கும்."

 பிறகு சாதிக் அலி கதவைத் திறந்தார்.

"மாமி, எறங்குங்க."

பாத்திமுத்துவுக்குப் புரியவில்லை. "எதுக்கு மருமவனே?"

"எறங்குங்கன்னா எறங்குங்க. பின்னால பஸ் வரும், அதுல வாங்க."

"ஏம் மக தல—"

"மாமி!"

பாத்திமுத்து அழுகையை நிறுத்தினார். மகளின் தலையை இரண்டு கையாலும் தூக்கி, ஜாஹிதாவை மேலே வரச்சொல்லி அவள் மடியில் வைத்தார். இறங்கினார். வண்டி கிளம்பியபோது அவர் செருப்பில்லாமல் சாலையோரம் நின்றதை ஜாஹிதா பின் கண்ணாடியில் பார்த்தாள்.

சாதிக் அலி இறங்கியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "முன்சீட்டுல இருக்கறவுக எறங்கினா பின்பக்கத்துக்கு அவ்வளவு கொறையாதாம். மாமி கொஞ்சம் கனத்த ஒடம்பு" என்றார் ஜாஹிதா. அவர்கள் நினைத்தது சரிதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கீழவளவைத் தாண்டிப் பாறைக் குன்றுகள் நடுவே போகும்போது இடது டயர் வெடித்தது. ஸ்டெப்னியை எடுத்தார்கள். ஜாக்கி உள்ளே போகவில்லை. அவ்வளவு தாழ்த்திய வண்டி, டயர் வேறு தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டது. சாதிக் அலி சாலையோர மண்ணைக் கையால் தோண்டினார். வயலில் இருந்து நாலு பேர் ஓடிவந்து மட்கார்டைப் பிடித்துத் தூக்கினார்கள். ஸ்டெப்னி பழைய ஒல்லி டயர். ஒரு பக்கம் ஒல்லி, ஒரு பக்கம் அகலம் என்று வண்டி நொண்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போனது. பிறகு வலது டயரும் போனது.

சுலைகா, "அம்மா எங்க?" என்று கேட்டாள்.

"வந்துக்கிட்டு இருக்காக," என்றாள் ஜாஹிதா.

கல் ஏற்றிய லாரி ஒன்று கை காட்டியதும் நின்றது. லாரிக்காரன் நல்ல மனுஷன், உடனே இறங்கிவந்து இடம் ஒழித்துக் கொடுத்தான். மூன்று பேருமாகச் சுலைகாவைத் தூக்கினார்கள். தூக்கும்போது ஜாஹிதாவின் கைக்கு அவள் தலை திடீரென்று கனத்தது. அவள் அதைச் சொல்லவில்லை. லாரிவரை கொண்டுபோனார்கள். அங்கே போய்த்தான் சாதிக் அலி பார்த்தார்.

குழந்தையும் பிறக்கவில்லை.

[இந்த இடத்தில் மூன்று பக்கம் எழுதி, மூன்றையும் கிழித்துவிட்டேன். புளியமரம், வெயில், சாதிக் அலியின் முகம். எதுவும் தேவை இல்லை என்று தோன்றியது.]

பஸ் வந்தது. சாலையை அடைத்து நின்ற கூட்டத்தைப் பார்த்து ஓட்டுநர் நிறுத்தினார். ஜன்னல் ஓரத்தில் பாத்திமுத்து உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்தார். மகளைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது. ஜாஹிதா காதைப் பொத்திக்கொள்ளத் தயாராகிவிட்டாள். ஆனால் பாத்திமுத்து தன் கையாலேயே வாயை மூடிக்கொண்டார்.

6

ஏன் மூடிக்கொண்டார் என்பது சாவு நடந்த மய்யித்து வீட்டில்தான் தெரிந்தது. உறவுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பாத்திமுத்து ஒவ்வொருத்தியின் கையாகப் பிடித்தார்.

"சத்தம் போடாதீக. நான் சத்தம் போட்டதுக்குத்தான் மருமவன் எறக்கி விட்டுச்சு. புள்ள பயந்துருக்கும். என் சத்தத்துலதான் அதுக்கு உசுரு பதறிப் போயிருக்கும்."

திரைக்கு அந்தப் பக்கம் சாதிக் அலியும் ஏகப்பனும் நின்றுகொண்டிருந்தார்கள். திரை சரியாக மூடவில்லை. இருவர் காதிலும் இது விழுந்ததை ஜாஹிதா பார்த்தாள். ஏகப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாதிக் அலி அவர் முழங்கையைப் பிடித்தார். பிறகு யாரோ வந்து, குழி தயாராகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். இருவரும் போய்விட்டார்கள்.

உண்மையைச் சொல்லும் அந்தப் பேச்சு அன்று போனது போனதுதான். ஏகப்பன் பந்தயத்துக்குப் போகவில்லை. சாதிக் அலி அந்த அகலச் சக்கரங்களைக் கழற்றி, வேறு ஒல்லிச் சக்கரங்களைப் போட்டுக் கொடுத்தார்.  கொஞ்ச நாளில் ஏகப்பன் வண்டியை விற்றுவிட்டு மனைவியோடு மலேயாவுக்குக் கப்பலேறினார். சாதிக் அலி குவைத்துக்குப் போனார். அங்கே இருந்தபடியே இன்னொரு நிக்காஹ் செய்துகொண்டார். மாதா மாதம் மாமியாருக்கு அனுப்புவதில் குறை வைக்கவில்லை. ஊருக்கு வந்தால் மட்டும் இந்த வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் தங்குவதில்லை.

பாத்திமுத்துவுக்கு வேறு பிள்ளை இல்லை. ஜாஹிதாவோடுதான் இருக்கிறார். தொண்டையில் ஏதோ நோய் என்று அக்கம்பக்கத்தில் நினைக்கிறார்கள். அவ்வளவு மெதுவாகப் பேசுகிறார். கோழிகளைக் கூப்பிடத் தட்டில் தட்டுகிறார். சிரிப்பு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். ஒரு தடவை கிணற்றடியில் வழுக்கி விழுந்து கை எலும்பு முறிந்துவிட்டது. ஜாஹிதா பள்ளிவிட்டு வரும்வரை அங்கேயே கிடந்தார். கூப்பிட்டிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும்.

இப்போது என் சந்தேகத்தைச் சொல்கிறேன். ஜாஹிதா என்ற பாத்திரத்தை நான் நம்பவில்லை. ஆறு வருஷம். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மாளுக்குக் குரல் திரும்பியிருக்கும். ஏன் சொல்லவில்லை? கதையில் இப்படி ஒருத்தி வந்தால் வாசகர் ஒத்துக்கொள்வாரா? ஜாஹிதாவிடமே கேட்டேன்.

"என்னன்னு சொல்றது?" என்றார் ஜாஹிதா. "டயர் பெருசு, அதுனால ஒங்கள எறக்கி விட்டாகன்னா? அப்ப அந்த டயரப் போட்டது யாருன்னு கேப்பாக. அவுக மக மேல உசுரா இருந்த மருமகன்தான்னு சொல்லணும். மாசா மாசம் பணம் வந்ததும் அண்ணனுக்காக அல்லாகிட்ட கையேந்தி துவா செய்றாக. அது ஒண்ணுதான் அவுகளுக்கு மிச்சம். அதையும் புடுங்கச் சொல்றீகளா?"

"அப்படியானால் சொல்லாமலே இருந்துவிடலாமே."

"கை ஒடிஞ்சு கெடந்தப்பக்கூடக் கூப்பிடல," என்றார்.

 பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

7

காரைக்குடியில் பஸ்ஸைவிட்டு இறங்கிய பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். நடந்தது இதுதான். விடைபெறும்போது, இதை ஏன் என்னிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"மாமிக்குப் படிக்கத் தெரியாது. ஞாயித்துக்கெழம மத்தியானம் பத்திரிகைக் கதையெல்லாம் நான்தான் வாசிச்சுக் காட்டுவேன். ரொம்ப இஷ்டமாக் கேப்பாக," என்றார் ஜாஹிதா. "நானாச் சொல்ல வாய் வரல. கதையா வந்தா வாசிச்சிருவேன்."

அன்றிலிருந்து இது கதை எழுதுகிற வேலையாக இல்லை.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், ஜாஹிதா கதையில் திருப்பத்தூர் வரும்வரை வாசித்து, "வண்டியில் இடம் போதவில்லை என்று இறக்கிவிட்டார்கள்" என்று தானாக மாற்றி வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறார். நடக்கக்கூடியதுதான். இன்னொன்றில், முழுவதும் கேட்ட பாத்திமுத்து ஆறு வருஷ அழுகையையும் ஒரே மூச்சில் அழுது தீர்க்கிறார். தெருவே ஓடிவருகிறது. எழுதும்போது என் கண்ணும் கலங்கியது. அதனாலேயே கிழித்தேன். என் கண் கலங்குவதற்காக அந்த அம்மாள் அழ வேண்டியதில்லை. மூன்றாவதில், "எனக்கு அன்னைக்கே தெரியும் புள்ள" என்கிறார். இது எல்லாரையும் ஒரேயடியாக மன்னித்துவிடுகிறது. எழுதுகிறவனையும் சேர்த்து. அதுவும் வேண்டாம்.

நாலாவது ஒன்றும் இருக்கிறது. மருமகனுக்காக அவர் செய்துவரும் துவா நின்றுபோவது. அதை எழுதிப் பார்க்கக்கூட எனக்குத் துணிவில்லை.

ஆகவே முடிவு என் கையில் இல்லை. இதைத் தமக்குத்தாமே படித்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கதை இங்கேயே நின்றுவிட்டது. சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பவர் ஒருவர் இருக்கிறார். ஜாஹிதா, பக்கத்தில் இருப்பவரின் முகத்தை ஒருமுறை பாருங்கள். பத்திரிகையை மூடிவிடலாம் என்று தோன்றினால் மூடிவிடுங்கள். நான் குறை சொல்லமாட்டேன். மூடவில்லை என்றால், இதற்கு மேல் ஒரே ஒரு பத்திதான் இருக்கிறது.

பாத்திமுத்து அம்மா, நீங்கள் அழுததற்காக உங்களை இறக்கிவிடவில்லை. டயர் உரசியது. பாரம் குறைய வேண்டும் என்று இறக்கிவிட்டார்கள். அந்த அளவு டயரை விரும்பிப் போட்டது உங்கள் மருமகனும் செட்டியாரும். உங்கள் மகள் உங்கள் சத்தத்துக்குப் பயப்படவில்லை. கடைசியாக அவள் கேட்டது உங்களைத்தான்.